நாங்கள் டவுன்காரர்களான கதை

எங்கள் ஊர் டவுன் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சொன்னவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து, தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்றுக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். கிராமத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு என்று அங்கே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் அவளுக்கு ஒன்று கிடைத்திருந்தது. சான்றிதழ் சரிபார்க்க நானும் அவளும் போனோம். விடிந்ததும் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, அரக்கப் பரக்கக் கிளம்பியதில் என் குதிகாலில் சேறு அப்படியே காய்ந்திருந்தது. அந்தக் காலோடு நிற்கிற என்னைப் பார்த்துத்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலையாளம் கலந்து சொன்னார்:

"ஸ்கூள் இருக்கிற ஸ்தலம் கிராமமில்ல சேச்சி. சென்சஸ் டவுனாணு."

சிரித்து முடித்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது டவுன்? கேரளத்துப் பாலக்காட்டு எல்லையோரம், வடகரப்பதிக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவில், சாயங்கால பஸ்ஸை விட்டால் நடந்துதான் வீடு சேர வேண்டிய எங்கள் ஊரா? கடலைக்கொடியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது, தக்காளியை மயில் கொத்துகிறது. இதற்குப் பெயர் டவுனாம். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இத்தனையையும் அவரிடமே கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிராமம்தான் என்று யாராவது பெரிய ஆபீஸில் எழுதித் தந்தால் திங்கட்கிழமைக்குள் கொண்டு வரலாம், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றார். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு நான் சத்தம் போட்டது வெட்கம்.

நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். அங்கே செக்ரட்டரி, நம்ம ஊர் என்றைக்கும் பஞ்சாயத்துதான், அரசாங்கம் அறிவித்தால்தான் முனிசிபாலிட்டி ஆகும், இது ஜனத்தொகைக் கணக்கில் மட்டும் டவுன் என்று விளக்கினார். அதாவது ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் நாங்கள் கிராமம், என் பிள்ளை படிக்கப் போகும்போது மட்டும் டவுன். நல்லா இருக்குதுங்க உங்க நியாயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரால் எழுதித் தர முடியாதாம். பாலக்காட்டில் ஜனத்தொகைக் கணக்கு ஆபீஸ் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார்.

அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். எங்கள் பக்கத்துச் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும். எங்களை உட்கார வைத்து, மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஓர் இடத்தைக் கணக்கில் டவுன் என்று சொல்ல மூன்று சங்கதி பார்ப்பார்களாம். ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேராவது வாழ வேண்டும். கேரளாவில் வீட்டை ஒட்டி வீடு இருப்பதால் இந்த இரண்டிலும் நிறைய ஊர்கள் தேறிவிடுமாம். இப்படி ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டே போனால் நகரத் தொகுப்பு, பத்து லட்சம் பேரைத் தாண்டினால் மாநகரம். மூன்றாவதுதான் முக்கியம். வேலைக்குப் போகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

"ஆம்பளைங்களா?" என்று கேட்டேன். "பொம்பளைங்க?"

"ஆணுங்க வேலை மாத்திரம்தான் பார்ப்போம்" என்றார்.

எங்கள் ஊரில் நாற்று நடுவது யார்? களை பறிப்பது யார்? என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வாழை எந்த வயதில் இருக்கிறது என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். அவரைத்தான் எண்ணுவார்களாம். மண்ணில் நிற்கிற நான் அந்தக் கணக்கிலேயே இல்லை. என் குதிகாலை அந்த அதிகாரிக்குக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு ஆத்திரம்.

இருந்தாலும் முக்கால்வாசி எப்படி வரும் என்று விடாமல் கேட்டேன். என் மாமனார் விவசாயம். அவர் தம்பி விவசாயம். எங்கள் வரிசையில் பாதி வீட்டில் பெரிய ஆண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்ததில்லை. அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, தொழில் என்ன என்று யாராவது கேட்டால் உங்கள் மாமனார் எப்படிப் பதில் சொல்வார், அதே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏனுங்க, உங்கப்பாகிட்ட என்ன தொழில்னு கேட்டா என்ன சொல்லுவாரு?"

"என்ன சொல்லுவாரு, தோட்டத்துல இருக்கறன்னு சொல்லுவாரு. சித்தப்பன் காட்டு வேலைன்னு சொல்லும். எதுக்கு கேக்கற?"

அதிகாரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். போன தடவை ஜனத்தொகைக் கணக்கெடுக்க உங்கள் ஊருக்கு வந்தது யார் என்று கேட்டார்.

எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த புதிது. மகள் பிறக்கவே இல்லை. இடுக்கியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த வாத்தியார்கள் சிலரை எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "ஏலே" போட்டுப் பேசுகிற தென்பக்கத்துத் தமிழ். மலையாளத்தில் கேட்டுப் பாடாய்ப் படுத்தாமல் தமிழிலேயே கேட்கிறாரே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மோர் குடித்துவிட்டுப் போனார்.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலம் தோட்டம். மழையை நம்பி விதைக்கிற நிலம் காடு. அவருக்குத் தோட்டம் என்றால் தேயிலை. காடு என்றால் யானை நடமாடுகிற காடு. அப்படித்தான் வீட்டுக்கு வீடு எழுதிக்கொண்டு போயிருப்பார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி கணக்குப்படி விவசாயி ஆகமாட்டாராம். காட்டு வேலை செய்கிறவரும் ஆகமாட்டாராம். அந்த மனுஷன் ஒரு பொய்யும் எழுதவில்லை. என் மாமனாரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தமிழும் தமிழும் பேசிக்கொண்டு எங்களை டவுன் ஆக்கிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இது ஒன்றுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் ஊர் ஆண்கள் நிறையப் பேர் கம்பெனிக்குப் போவதும் உண்மைதானே, கோட்டின் மேல் நின்ற ஊர் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றார். மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். அடுத்த கணக்கு எடுத்து முடிக்கும்வரை பழைய கணக்குதான் செல்லும், அதில் ஒரு எழுத்தைத் திருத்த அவருக்கு மேலே இருப்பவர்களாலும் ஆகாது என்றார். கெஞ்சியும் பார்த்தேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

திங்கட்கிழமை வந்தது, போனது. பொது இடத்துக்கு மகளின் மதிப்பெண் போதவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அவள் இடம் போயிற்று. அந்த ஊரில் ஏடிஎம் இருக்கிறது, இரண்டு மருந்துக் கடை இருக்கிறது. கணக்கில் அது கிராமம். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் நான் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது வரப்பில் வந்து நின்றாள்.

"ஏம்மா, நானு பெரிசாயி இங்கயே வெவசாயம் பண்ணுனா ஊரு கிராமமாயிருமா?"

"ஆகாது சாமி" என்றேன்.

"நானும் நீயும் ஊர்ல இருக்கற அத்தன பொம்பளப் புள்ளைகளும் பண்ணுனா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். அப்போதும் ஆகாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.