பதக்கத்தில் இருந்த வேறு பெயர்

ஆடித்தபசுக்கு உறவினர்கள் வருவார்களே என்று, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வங்கதேசப் போரில் சண்டையிட்டதற்காக அப்பாவுக்குக் கிடைத்த பதக்கம் அலமாரியில் கறுத்துக் கிடந்தது. வருகிறவர்களுக்குக் காட்டலாமே என்று, அவரிடம் கேட்காமலே அதையும் எடுத்துத் தேய்த்தேன்.

அழுக்குப் போனதும் விளிம்பில் பொறித்திருந்த பெயர் தெரிந்தது. பல்தேவ். என் அப்பா பெயர் சுப்பையா. பள்ளிக்கூட நாளிலிருந்து தோழிகளிடம் நான் பீற்றிக்கொண்ட பதக்கம் இன்னொருவருடையதா?

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா முன்னால் போய் நின்று, “யப்பா, இது யாரு மெடலு? இத்தன வருசமா எங்கள ஏமாத்துனியளா?” என்று கத்திவிட்டேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “ஏட்டி, அவன் எங்கூடப் பதுங்குகுழில கெடந்தவன். பட்டாளத்த விட்டு வரும்போது ரெண்டு பேரும் மெடல மாத்திக்கிட்டோம். என் பேரு அவன் வீட்ல இருக்கு” என்றார். பதக்கத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, “மொதல்ல கேட்டிருக்கலாம்லா” என்றார்.

அதுவரை போரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை. இப்போது தினமும் மாலையில் காபி கொடுத்துவிட்டு ஏதாவது கேட்கிறேன். அவர் சொல்வதை நோட்டில் எழுதி, பதக்கத்தோடு வைக்கிறேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பல்தேவ் வீட்டிலும் ஒரு மகள், சுப்பையா என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவிடம் கத்தியிருப்பாளோ?