கல்மீனின் பக்கமுள்

பதுளையில் நான் விலங்கியல் கற்பித்த பள்ளிக்கூடத்தில் கல்லாகிப்போன மீனொன்று இருந்தது. அதன் சீட்டில் 'சாளை இனம்' என்று எழுதியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்கத்துடுப்பின் முன்முள் தடித்து, ரம்பம்போல் பல்லோடு இருந்தது. சாளைக்கு ஏது அப்படியொரு முள்?

"வெள்ளைக்காரன் வச்ச பேரு டீச்சர், விட்டுடுங்க" என்றார் அதிபர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தையில் கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். தின்றுமுடித்து, அதன் பக்கமுள்ளைக் கழுவிக் கொண்டுபோய்க் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முள்ளும் ஒரே அச்சு.

அதிபர் லென்ஸை வாங்கி மாறிமாறிப் பார்த்தார். "சீட்டை நீங்களே மாத்தி எழுதுங்க."

'கெளுத்தி இனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பிறகு கொழும்பிலிருந்து வந்த நிபுணர், "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். குழம்பில் வெந்த முள்ளை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

சீட்டில் அவர் கைவைக்கவில்லை.