பத்திநாதருக்கு ஒரு தரிப்பிட அட்டை

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த பத்திநாதர் கனடா இராணுவத்தில் சமையல்காரர் ஆனார். பொஸ்னியாவில் குசினி லொறி பிரண்டு, மூட்டைகளுக்குக் கீழே அவருடைய இடதுகால் நசிந்தது. "எதிரி சுட்டதெண்டால் பெருமையாச் சொல்லலாம். என்னை விழுத்தினது உருளைக்கிழங்கு" என்று தான் குடியிருந்த சென்ட் லோரன்ட் பகுதிச் சனத்துக்கெல்லாம் தானே சொல்லிச் சிரிப்பார். முன்னாள் படைவீரருக்கான பொப்பிப்பூ நம்பர் பிளேட்டைக் காரில் ஆசையாகப் பூட்டியவருக்கு, கடை வாசலோடு கார் விடுகிற, வீல்செயர் படம் போட்ட தரிப்பிட அட்டை எடுக்க மட்டும் வெட்கம்.

ஒருமுறை அட்டைக்கு டாக்குத்தரின் கடிதம் எடுக்கப் போகத்தான் போனார். என்ன பிரயோசனம்! டாக்குத்தரிட்டைப் போறதெண்டால் கோட்டுப் போட்டு, சப்பாத்து மினுக்கி, மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிடுறதுதானே எங்கட ஆக்களின்ர வழக்கம். விறைப்பாக நடந்து காட்டினார். எப்படிச் சுகம் என்று டாக்குத்தர் கேட்டதற்கு, பிரெஞ்சில் "ஸா வா, ஸா வா, ஒரு குறையுமில்லை" என்றார். டாக்குத்தரும் நம்பி, அட்டை தேவையில்லை என்றுவிட்டார். "நடிப்புக்கு மெடல் தந்திருக்கலாம்" என்று வீட்டில் காலைச் சுடுதண்ணிக்குள் வைத்தபடி தன்னையே திட்டினார்.

அந்த மாரியில், ஜான்-டலோன் சந்தைக்குத் தொலைவில் காரை விட்டுவிட்டு நடந்தவர் ஐஸில் சறுக்கி விழுந்தார். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். மீசை முழுக்க ஐஸ். மனைவி செல்வமலர் சிரிக்கவில்லை. "இனி அட்டை இல்லாட்டிக் கார்த்திறப்பு என்ரை கையில. நீங்கள் வீட்டுக்குள்ளயே இருங்கோ."

ஐயோ, வீட்டுக்குள் பத்திநாதரா! சந்தையில் நாலுபேரோடு கதைக்காவிட்டால் அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது.

நல்லகாலம், இரண்டாயிரத்து எட்டில் அட்டை எடுக்கிற நடைமுறையை அரசாங்கம் இலேசாக்கிவிட்டது. காயப்பட்ட படையினர் திரும்பவும் டாக்குத்தரிட்டைப் போகத் தேவையில்லை. மனைவியோடு அட்டைக் கந்தோருக்குப் போனவரிடம், கவுண்டரில் இருந்த செலீன் என்ற பெண் பிரெஞ்சில் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "நடக்கக் கஷ்டமா, ஐயா?"

பத்திநாதரின் முதுகு தானாக நிமிர்ந்தது. வாய் "ஸா..." என்று தொடங்கியும்விட்டது. பக்கத்தில் செல்வமலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை முட்டுகிறதென்று கண்டதும் அவருக்கு நெஞ்சு கரைந்துபோனது.

"ஓம்" என்றார் தமிழிலேயே. பேந்து பிரெஞ்சில், "கஷ்டம். சரியான கஷ்டம். ஒவ்வொரு நாளும் நோகுது."

அவர் வாயிலிருந்து செல்வமலர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அட்டையோடு திரும்பியவர், கார் நிற்கிற தூரத்தைப் பார்த்தார்.

"மலர், உம்மட தோளைக் கொஞ்சம் தாரும்."

கிட்ட வந்து நின்றாள். அவர் விரல் நுனியால் மட்டும் தொட்டார்.

"முழுப் பாரத்தையும் போடுங்கோ" என்றாள்.

போட்டார்.