இரண்டு வெள்ளிக்கிழமைகளும் ஒரு பாணும்

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. ஒரு நாள் மேலாளரிடம், வீட்டில் ஒன்றுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், கொஞ்சம் முந்திப் போகலாமா என்று கேட்டேன். "நாயா, பூனையா?" என்றாள். "மா" என்றேன். விளங்கட்டும் என்று, "சூர்டைக்" என நோர்வேஜிய மொழியிலும் சொன்னேன். புளித்த மா. சிரிப்பாள் என்று பார்த்தால் அவள் முகம் மாறிவிட்டது. "அப்படியென்றால் உடனே போ, அது காத்திருக்காது" என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் படிவம் நிரப்பச் சொல்லும் நாடு இது. மாவுக்குப் பசி என்றால் ஒரு கேள்வியும் இல்லை. ஊரில் தோசைக்கு மா புளிக்க வைத்தால் அடுத்த நாள் அது எங்கள் வயிற்றுக்குள் இருக்கும். அதைப் போத்தலில் போட்டு, வேளைக்கு வேளை தீனி கொடுத்து, வருடக் கணக்கில் வளர்க்கும் ஆட்களை நான் இங்கே வந்துதான் கண்டேன். கடைசியில் நானும் அப்படி ஓர் ஆளாகிவிட்டேன்.

அந்தப் போத்தல் என்னுடையதல்ல. ரொம்மன் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மிரியத்தினுடையது. என் வயதுக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை, யூதப் பெண். பத்து வருடமாகப் படிக்கட்டில் "ஹை" என்பதற்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை. ஒரு பெப்ரவரியில் அவள் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இந்த நாட்டிலேயே பிறந்த ஒருத்தியும் விழுகிறாள் என்பது, வருடம் தவறாமல் விழுகிற எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆறுதலாக இருந்தது. முறிவுக்கு மாக்கட்டுப் போட்ட கையோடு போத்தலை அணைத்துக்கொண்டு அவள் எங்கள் கதவைத் தட்டியபோது அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டேன்.

அவள் கேட்டது சின்ன விஷயமல்ல. பேர்கன் நகரில் இருக்கும் அவளுடைய தம்பி டானியல் வரும் வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறான். தாய் இறந்தபோது வீட்டுச் சாமான்களைப் பிரிப்பதில் இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்து, மூன்று வருடமாகப் பேச்சில்லை. இப்போது அவனே தொலைபேசியில் அழைத்து, அம்மாவின் பாண் சாப்பிட வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். ஹல்லா என்று அதற்குப் பெயர். பின்னிச் சுடுகிற பாண், வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதும் வழிபாட்டோடு மேசையில் இருக்க வேண்டியது. போத்தலில் இருப்பது தாயின் கையால் புளித்த மா. ஒற்றைக் கையால் பின்ன முடியாது. "நீ சமையற்காரன்தானே" என்றாள் மிரியம். நான் பெரிய பானையில் உருளைக்கிழங்கு அவிப்பவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுதித் தந்த தாளில் மா, முட்டை, எண்ணெய், சீனி, உப்பு என்று அளவோடு எல்லாம் இருந்தது. புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். சின்ன வயதில் கூரை வேயத் தென்னோலையில் கிடுகு பின்னிய கை இது. அப்போது, கிடுகில் மழை ஒழுகினால் அது பின்னல் அல்ல என்று அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பயத்தில் மாவையும் இழுத்து இறுக்கிப் பின்னினேன். வெந்து வந்தது பாணா கிடுகா என்று என் மனைவி வதனி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூரைக்குப் போடலாம், சாப்பிடேலாது" என்றாள். இரண்டாம் தடவை அவளே பக்கத்தில் நின்று, மகளுக்குத் தலை பின்னுவதுபோல இளக்கமாகப் பின்னக் காட்டித் தந்தாள். அது உப்பிப் பொன்னிறமாக வந்தது.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு மாவைக் குழைக்க உட்கார்ந்து, முட்டைப் பெட்டியைத் திறந்தேன். வதனி குளித்துவிட்டுச் சாமிப்படத்துக்கு விளக்கேற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சை, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமையிலை முட்டையை உடைச்சு, அந்தக் கையாலை மா குழைக்கப் போறியளோ?"

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, முட்டையும் மச்சம்தான். அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. அதுவும் அவர்களுடைய வழிபாட்டுப் பாண். அதற்குப் போய் முட்டையா? முட்டையை விட்டுவிட்டுப் பாலும் பட்டரும் போட்டுக் குழைத்தேன். மேலே பூசவும் பால். எங்கள் சாமிக்கே பாலால்தானே அபிஷேகம்? மிரியத்தின் தாய்க்குக்கூடத் தோன்றாத சுத்தத்தை நான் அந்தப் பாணுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மூன்று மாடியும் ஏறும்வரை எனக்குப் பெருமைதான்.

கதவைத் திறந்ததும் கோழிச் சூப்பின் வாசம். டானியல் கதிரையின் நுனியில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தான். இருவரும் காலநிலை பற்றிக் கதைத்து முடித்துவிட்டார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. மிரியம் துணியை விலக்கிப் பாணைப் பார்த்தாள். அழகாயிருக்கிறது என்றாள். பிறகு குனிந்து மணந்து பார்த்தாள்.

"இதில் பட்டரா?"

"பட்டரும் பாலும். முட்டையே இல்லை" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவள் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் எல்லா விதியும் கடைப்பிடிப்பதில்லை, ஆனால் இறைச்சியும் பாலும் ஒரே மேசைக்கு வருவதில்லை, அது தாய் காலத்திலிருந்து மாறாத ஒன்று என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. தாளில் அவள் எழுதவில்லை. தண்ணீருக்குள் மூச்சு இழுக்காதே என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? அடுப்பில் கோழி, என் கையில் பால். மூன்று வருடப் பேச்சின்மை முடிய வேண்டிய மேசையை நான் பாழாக்கிவிட்டேன். எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

ஏன் முட்டை போடவில்லை என்று டானியல் கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன். "உங்களுக்குமா?" என்றான். பிறகு எழுந்து வந்து பாணை மணந்து பார்த்தான், ஒருமுறை அல்ல. அம்மாவின் புளிப்பு என்றான். "மிரியம், சூப்பைத் தூக்கிப் பல்கனியில் வை. நாளைக்குச் சாப்பிடலாம். நான் நாளைக்கும் இருக்கிறேன்." மாக்கட்டுக் கையோடு அவளால் பானையைத் தூக்க முடியவில்லை. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பிடியாகப் பிடித்துப் பனிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். உடனே உள்ளே வரவும் இல்லை.

வெறும் பாணை எப்படிச் சாப்பிடுவது? கீழே வதனிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "அவையளுக்கும் இண்டைக்கு வெள்ளியோ?" என்று கேட்டாள். பிறகு பருப்பும் வாழைக்காய்ப் பால்கறியும் கீரையும் படியேறி வந்தன. தேங்காய்ப்பாலில் ஹல்லாவைத் தோய்த்துச் சாப்பிட்ட முதல் பேர்கன்காரன் டானியலாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் பிறர் வீட்டு மேசையில் எதையும் விலக்காமல் நான் சாப்பிட்டதும் இந்த நாட்டில் அன்றுதான்.

மிரியத்தின் கை எப்போதோ சுகமாகிவிட்டது. ஆனாலும் வாராவாரம் பின்னல் வேலை என்னுடையதாகவே இருக்கிறது. வியாழக்கிழமையே இரண்டு மா குழைத்துவிடுகிறேன். அவளுக்கு முட்டை போட்டு, பாலில்லாமல். எங்களுக்குப் பால் விட்டு, முட்டையில்லாமல். முட்டையை வியாழனில் உடைப்பதால் வதனி கண்டும் காணாமல் விடுகிறாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் சுட வேண்டும், எங்கள் அடுப்பு அவ்வளவுதான். எவ்வளவு தள்ளி வைத்தாலும் சூட்டில் பொங்கி, நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தைக் கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, ஒன்றை மேலே கொடுத்து, மற்றதைக் கீழே வைத்துக்கொள்கிறேன். வெட்டிய துண்டில் முட்டையும் உண்டு, பாலும் உண்டு. அவர்கள் வெள்ளிக்கும் ஆகாது, எங்கள் வெள்ளிக்கும் ஆகாது. அதைச் சனிக்கிழமை காலையில் தேத்தண்ணியோடு நான் சாப்பிடுகிறேன். யாருக்கும் கொடுப்பதில்லை.