மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளாத விஷயங்கள்

எனக்கு எல்லா விஷயத்திலும் கருத்து உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் பேருந்தில் நடத்துனராக நின்றவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? முழங்காலில் வலி மிஞ்சியது, வாயில் கருத்து மிஞ்சியது. ஏறியவர்கள் எல்லாம் எதையாவது சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த நான் ஓய்வு பெற்ற பிறகு அதையெல்லாம் பேசித் தீர்க்கிறேன்.

இருபது ஓவர் ஆட்டம் வந்து கிரிக்கெட்டைக் கெடுத்துவிட்டது. மண்ணில் ஆடவேண்டிய கபடியை மெத்தை விரித்து ஆடுகிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்காது. டிவியில் ஆறு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவதற்கு விவாதம் என்று பெயர் வைத்தவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்பேன். ரோட்டைப் போட்டுவிட்டுத் தோண்டுவதை விடத் தோண்டிவிட்டுப் போட்டால் என்ன என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டு விஷயத்திலும் கருத்து உண்டு. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும், ஆம்பளை உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்கக்கூடாது. இதை நான் சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சங்கடம்.

"அத மொதல்ல நம்ம வீட்டுல சொல்லுங்க. ஊருக்கெல்லாம் நல்லாத்தான் சொல்றீக," என்பாள்.

என் கருத்துகளை எதிர்க்க ஒருவர் இருந்தார். என் தங்கையின் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் தங்கை புருஷனை மாப்பிள்ளை என்போம். என்னை விட நாலு வயது இளையவர் என்றாலும் எழுந்து நின்றுதான் வரவேற்க வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையின் பேச்சை மறுக்கக்கூடாது. அவர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் கிரிக்கெட்டும் அரசியலும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அதில் நான் எவ்வளவு வேண்டுமானாலும் அவரை மறுக்கலாம், அவரும் என்னை மறுக்கலாம். முப்பது வருஷமாக ஓய்வு நாளிலும், ஓய்வு பெற்ற பிறகு தினமும், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்தோம்.

அவருக்குச் சொந்தமாக ஒரு லோடு வேன். ஆத்தங்குடியில் கல் ஏற்றிக்கொண்டு போய், வீடு கட்டுகிற இடங்களில் இறக்கிவிட்டு வருவார். பூப்போட்ட தரைக்கல், ஓரம் உடையாமல் கொண்டுசேர்க்க வேண்டும். அதனால் நிதானமாக ஓட்டுவார், நிதானமாகப் பேசுவார். நான் ஐந்து நாள் ஆட்டம் என்றால் அவர் இருபது ஓவர் என்பார். "அஞ்சு நாளு எவன் மச்சான் உக்காந்து பாக்குறது? சோலிக்குப் போகவேண்டாமா?" என்பார். நான் ஒரு கட்சியைத் திட்டினால் அவர் அதைத் தாங்குவார். அடுத்த தேர்தலில் நான் மாறி அதே கட்சியைத் தாங்கினால் அவர் திட்டுவார். ஒருநாள் இதைச் சுட்டிக்காட்டினேன். "சூழ்நிலை மாறிருச்சுல்ல மச்சான்," என்றார்.

போன தை மாதம் அவர் விழுந்தார். வேனிலிருந்து இறங்கி வாசலில் கால் வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதி திரும்பி வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு உதட்டை மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். வழக்கமாகப் பேசுவது போலப் பேசுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நீங்களே சொல்லி முடித்துவிடாதீர்கள். யோசித்துச் சொல்லும் வார்த்தையை விடப் பழக்கத்தில் வரும் வார்த்தையும் கோபத்தில் வரும் வார்த்தையும் சில பேருக்கு முதலில் வரும். முதல் ஆறு மாதத்தை விட்டுவிடக் கூடாது.

கோபம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. மாப்பிள்ளையைக் கோபப்படுத்த என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தங்கையிடம், "நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்," என்றேன். அவளும் நம்பினாள்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்குப் போய் எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். இருபது ஓவர் ஆட்டத்தை ஆடுகிறவன் எல்லாம் ஆட்டக்காரனா என்றேன். காத்திருந்தேன். மஞ்சுவிரட்டை நிறுத்திவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றேன். அவர் ஒவ்வொரு வருஷமும் வேனில் ஆளை ஏற்றிக்கொண்டு மஞ்சுவிரட்டுப் பார்க்கப் போகிறவர். முன்பு இதைச் சொல்லியிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஓட்டுப்போட்ட கட்சியை வாய்க்கு வந்தபடி பேசினேன். உலகத்தில் நடக்கும் சண்டைகளில் யார் பக்கம் நியாயம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். டீ வந்தது, குடித்தேன். அவருக்குத் தங்கை கரண்டியில் ஊட்டினாள்.

இப்படி மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை வந்தது. எனக்கு அலுப்புத் தட்டியது. எதிர்த்துப் பேச ஆளில்லாதபோது என் கருத்துகள் என் காதுக்கே நன்றாக இல்லை. பாதியில் நிறுத்தினால் மீதிக்கு என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோனது. மஞ்சுவிரட்டைப் பற்றி எனக்கு உண்மையில் என்ன கருத்து என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நாள் முழுக்க டிக்கெட் கிழித்தது போல உடம்பு வலித்தது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று என்ன பேசினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் தொழிலைத் தொட்டுவிட்டேன். "வேன வித்துற வேண்டியதுதான மாப்ள? இனிமே யார் ஓட்டப் போறா? சும்மா நின்னு துருப்பிடிக்குது," என்றேன். கோபம் வரட்டும் என்றுதான் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இதோ வருகிறது என்று நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. வலது கையால் அதைத் துடைக்கப் போய்க் கை கன்னத்தில் சரியாகப் படாமல் காதுப்பக்கம் போனது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கொல்லைப்பக்கம் போனேன். தங்கை துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போதும்ணே. விட்டுருங்க."

"கோபம் வந்தா பேச்சு வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல, அதுக்குத்தான்."

"அவுகளுக்கு உங்க மேல என்னைக்கிண்ணே கோவம் வந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறோமே என்றேன். அவள் பிழிந்த சேலையை வாளியில் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். மூன்று மாதமாக அவளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவுகளுக்குக் கிரிக்கெட்டே புடிக்காதுண்ணே. நீங்க அங்குட்டுப் போனதும் டிவியப் பாட்டுக்கு மாத்திருவாக. லோடு எறக்கிட்டு வந்ததும் வராததுமா பேப்பர எடுத்து வச்சுக்கிட்டு, இன்னைக்கி ஒங்க அண்ணன் எதப் பேசுவாரு, எதப் பேசுவாருன்னு எங்கிட்டக் கேப்பாக. ரோசன பண்ணித் தயாரா இருப்பாக. நீங்க எந்தப் பக்கம் சாயுறீகளோ, அதுக்கு நேர் எதுருல போய் நிப்பாக."

"எதுக்கு?"

"நானும் இதத்தான் ஒரு நாளு கேட்டேன். ஆமா மச்சான்னு சொல்லிட்டா, ஒங்க அண்ணன் டீயக் குடிச்சிட்டுப் போயிருவாருன்னாக."

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"காதுகுத்துக்குப் பெறகு ரெண்டு வருசம் நீங்க இங்குட்டு எட்டிப் பாக்கலைல்லண்ணே," என்றாள். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அன்றுதான் அவளே எடுத்தாள்.

அது அவர்களுடைய மூத்த பெண்ணுக்குக் காது குத்திய நாள். காளையார்கோவிலில் வைத்து நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கு மாற்று ஆள் வரத் தாமதமாகி, காக்கிச் சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் முடிகிறது என்று என் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி அடுத்த பஸ் ஏறிவிட்டேன். பேசினால் மாப்பிள்ளையை எதிர்த்த மாதிரி ஆகும், தங்கைக்குத்தான் கஷ்டம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. மாப்பிள்ளைதான் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாப்பிள்ளை தானாக இறங்கி வருவது எங்களுக்குள் வழக்கமில்லை. "கலர் டிவி வாங்கிருக்கேன் மச்சான். மேட்சு பாக்க வாங்க," என்றார். கூப்பிட்ட மரியாதைக்குப் போனேன். அன்றைக்கு நாங்கள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினோம். காதுகுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை.

"அந்த ரெண்டு வருசம் நான் அழுததப் பாத்தவுக அவுக," என்றாள் தங்கை. "எனக்காகத்தான் மொதல்ல ஆரம்பிச்சாக. பெறகு பெறகு அவுகளுக்கே நீங்க வரலைன்னா ஒரு மாதிரியா ஆயிரும். உள்ளுக்கும் வாசலுக்கும் நடப்பாக."

வீட்டுக்குப் போனதும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "ஒரு ஆளு ஒங்க பேச்ச அம்புட்டு நாளாத் தாங்குச்சுன்னா வேற என்ன காரணம் இருக்கும்?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி இல்லை. நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மறுநாள் போகவே தயக்கமாக இருந்தது. எந்த முகத்தோடு போவது, போய் எதைப் பேசுவது? இருந்தாலும் ஐந்து மணிக்குக் கால் தானாக நடந்தது. அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மடியில் பேப்பர் விரித்திருந்தது. விளையாட்டுப் பக்கம். தங்கை எடுத்துக் கொடுத்தாளா, அவரே இடது கையால் புரட்டினாரா என்று நான் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். வேனைப் பற்றி நேற்றுச் சொன்னது தப்பு மாப்ள என்றேன். அவர் தலையை லேசாக அசைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எந்த விஷயத்திலும் எனக்குக் கருத்து இல்லை. தெருவில் ரோட்டுக்காகக் கொட்டிய ஜல்லி மேல் ஒரு வண்டி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. அதைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை.

டீ வந்தது. குடித்தேன். அவருக்கும் ஊட்டி முடித்துத் தங்கை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இனி உட்கார்ந்து என்ன செய்வது என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வர்றேன் மாப்ள."

அவர் வாயைத் திறந்தார். பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இரு."

உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. நான் அப்படியே நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை, கரகரத்த குரலில், "இரு" என்றார். உட்கார்ந்தேன். தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். நானும் அழுதேன். அவர் பேப்பரைத் தட்டிக் காண்பித்தார், பேசு என்பது போல. எனக்கு எங்கிருந்து பேச்சு வரும்?

இப்போது ஐப்பசி. அந்த ஒரு சொல்லுக்கு மேல் இன்னும் எதுவும் வரவில்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். தங்கை இரவெல்லாம் கண்விழித்துக் களைத்துப்போயிருக்கிறாள். எனக்கும் முடியவில்லை. ஐந்து மணிக்குப் போகிறேன். பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேன், கருத்து எதுவும் சொல்வதில்லை. டீயைக் குடித்து முடித்ததும் தினமும் ஒரு தடவை, வர்றேன் மாப்ள என்று எழுந்து நிற்கிறேன்.