நான்கு தேசிக்காயும் ஒரு பிரேக்கும்

சித்திரை மாதத்தில் மொன்ட்ரியாலில் கார் திருத்துகிறவரைப் பிடிப்பது, முகூர்த்த நாளில் ஐயரைப் பிடிப்பது போல. ஊர் முழுவதும் பனிக்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் பூட்டக் காத்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் காரின் முன் பிரேக் கீச்சிடத் தொடங்கியது. முதலில் கீச்சிட்டது, பிறகு உரசியது, ஒரு கிழமைக்குள் கத்தியைக் கல்லில் தீட்டுகிற சத்தம் வந்துவிட்டது. தொலைபேசியில் கேட்டால் இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள்.

நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவன். கார் என் மனைவிக்கு. எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து மொன்ட்ரியால்-நோரில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, விடிய வெள்ளென, லொறிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போவாள்.

"முன்னால போற லொறிக்கும் எனக்கும் நடுவில தேர் போற அளவுக்கு இடம் விட்டுத்தான் ஓடுறன்," என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நானே மாத்திறன்," என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"பத்து வருசமா டயர் மாத்திறது ஆர்? பிரேக் அந்த டயருக்குப் பின்னாலதானே இருக்கு."

ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். எங்கள் வீட்டுக் கராஜ் வீதியை விடத் தாழ்வானது. வெளியே கார் நிறுத்தும் இடம் அதன் கதவை நோக்கிச் சரிந்து இறங்கும். காரின் முகத்தைக் கதவுப் பக்கம் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை உயர்த்தினேன். பிரேக் மாற்றுவது எப்படி என்று ஒருவர் விளக்குகிற வீடியோவை முதல்நாளே மூன்று தரம் பார்த்திருந்தேன். அவருடைய காரில் போல்ட் எல்லாம் பாசத்தோடு கழன்று வந்தன. என்னுடையவை அசையவே மாட்டோம் என்றன. இந்த ஊரில் கறிக்குப் போடுகிற உப்பை விட வீதிக்குப் போடுகிற உப்புத்தான் அதிகம், அது இரும்பைத் தின்றுவிடும். ஒரு போல்ட்டோடு ஒன்றரை மணி நேரம், வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு, மல்லுக்கட்டினேன். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக் கியூபெக்காரருக்குத் தமிழ் தெரியாதது என் மானத்துக்கு நல்லதாய்ப் போயிற்று.

கடைசியில் பழைய பிரேக் பாட் கையில் வந்தபோதுதான் கோபம் அடங்கிப் பயம் பிடித்தது. சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய அந்தத் துண்டில் நகத்தளவு தடிப்புக்கூட மிச்சம் இல்லை. இதை நம்பியா இவள் இத்தனை நாளும் போய்வந்தாள்? காசைப் போல மெலிந்த அதை எறிய மனமின்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

புதிய பாட் தடிப்பானது. அது உள்ளே போக, அதை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய பிறகு காரை அசைக்கும் முன், பிரேக் மிதி கல்லுப் போல இறுகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி வெறும் மிதி, கார் நிற்காது. வீடியோக்காரர் கடைசியாக, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது அதைத்தான். எனக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. இரண்டு பக்கமும் புதிய பாட் போட்டு, டயர்களைப் பூட்டி, காரை இறக்கி, முட்டுக் கற்களை எடுத்துவிட்டு, மிதிப்பதற்காகவே கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஏறாதேங்கோ! கற்பூரத் தட்டம் கொண்டு வாறன்," என்று வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் சத்தம் வந்தது.

வைத்த காலை எடுத்தேன்.

"புதுக் காருக்குத்தானே தேசிக்காய் வைக்கிறது? இது பழசு."

"ஆசுப்பத்திரியில ஆளை வெட்டித் தைச்சு அனுப்பினாலும் அருச்சனை செய்யிறதில்லையோ? ஆள் பழசுதானே."

கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றேன். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய் வைத்தாள். கற்பூரம் கொளுத்தினாள், காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். மூன்றாவது நெருப்புக்குச்சிக்குக் கற்பூரம் இரங்கியது. பின்னுக்கு எடுத்து வீதியில் ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்றேன்.

"முதல் அடியே பின்னுக்கோ? முன்னுக்கு எடுங்கோ, ஒரு முழம் போதும்."

ஏறி இயந்திரத்தை முடுக்கினேன். கியர் மாற்றப் பிரேக்கை மிதித்தபோது கால் ஆழமாகப் போயிருக்கும். நான் கவனிக்கவில்லை, கண் கற்பூரத்தில் இருந்தது. ஹாண்ட் பிரேக்கை விட்டேன். தேசிக்காய்கள் சளக்கென்று நசிந்தன. நிறுத்த மிதித்தேன்.

கால் தரைமட்டும் போனது. கார் நிற்கவில்லை. சரிவில் இறங்கியது. முன்னால் கராஜ் கதவு, கதவுக்கு முன்னால் கையில் தட்டத்தோடு அவள்.

ஹாண்ட் பிரேக்கை எப்போது இழுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின் சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. இறங்கிப் பார்த்தேன். அவளுடைய முழங்காலுக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

"இவ்வளவு கிட்டவோ வாறது? கற்பூரம் அணைஞ்சு போச்சு," என்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பதை அவள் அறியவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். நீர் கூப்பிட்டதால்தான் மிதிக்க மறந்தேன் என்று பழியை அவள் தலையில் போடவும் நாக்குத் துடித்தது. ஆனால் இனி அந்த மிதியில் கால் வைக்கப் போகிறவள் அவள். காருக்குள் உட்கார்ந்து பத்துத் தரம் மிதித்தேன், கல்லுப் போல இறுகியது. பிறகு இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்த பழைய பாட்டையும் காட்டினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டத்தை என் கையில் தந்தாள்.

"இப்ப நீங்கள் நில்லுங்கோ."

நின்றேன், அவள் நின்ற அதே இடத்தில். அவள் ஏறி, தானும் பத்துத் தரம் மிதித்ததை நான் எண்ணினேன். காரை வீதிவரை பின்னுக்கு எடுத்து, சரிவில் முன்னே வந்தாள். பிரேக் நல்லது, நான்தான் பூட்டினேன், நானே சோதித்தேன். இருந்தும் தட்டத்தில் குங்குமச்சிமிழ் கடகடத்தது. கார் எனக்கு எட்டடி தள்ளி, சத்தமே இல்லாமல் நின்றது.

கண்ணாடியை இறக்கினாள். "பயந்து போனியளோ?"

"ஓம்."

"நல்லது," என்று சிரித்தாள். "திங்கக்கிழமை இதிலதான் வேலைக்குப் போறன்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சரிவிலேயே குந்தி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடிய, தேத்தண்ணியோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். காருக்குப் பின்னால் இருட்டில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்து மறைந்தது, மறுபடி விழுந்து மறைந்தது, பத்துத் தரம். பிறகுதான் கார் அசைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இதே கதை. இனித் தேவையில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இன்றைக்கும் மிதித்துவிட்டுத்தான் போனாள், நானும் எண்ணிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.