பிரபாவுக்குக் கிடைத்த அட்டை

சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் பிரபா காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும். இடது கண் முழுதாக மூடாது. கேட்பவர்களிடம், சின்ன வயதில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது என்பாள். பதினாறு வயதில் தொழுநோய் வந்ததும், செங்கல்பட்டில் வைத்தியம் பார்த்துக் குணமானதும் கணவன் குமாருக்கு மட்டுமே தெரியும்.

வருகைப் பதிவுக்கு முதலில் வாசல் கதவில் கைரேகை இயந்திரம் வைத்தார்கள். உணர்ச்சியற்ற அவள் விரல்நுனிகள் சூடு பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தன; இயந்திரம் ஏற்கவில்லை. அப்புறம் முகத்தைக் காட்டும் முறை வந்தது. எதிரில் நிற்பது போட்டோ இல்லை, ஆள்தான் என்று உறுதிசெய்ய இரண்டு கண்களையும் சிமிட்ட வேண்டும். பிரபா சிமிட்டினாள். இடது கண் பாதியிலேயே நின்றது. 'மீண்டும் முயலுங்கள்' என்றது திரை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாராவது கதவைத் திறந்துவிட, உள்ளே போய் வேலை முழுதும் செய்தும் அந்த வாரம் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது.

மேற்பார்வையாளர் ஜெகதீசனிடம் போய் நின்றாள்.

"நான் டெய்லி வந்துகினுதான கீறேன் சார்? நீங்களே என் கையால காபி வாங்கிக் குடிக்கிறீங்களே."

"நான் பாத்தா போதுமா? சிஸ்டம் பாக்கணும்மா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் கீர்த்தனா. மாற்றுத்திறனாளிகளும் சிரமமில்லாமல் லாகின் செய்ய வழி அமைக்கும் குழுவில் இருந்தாள். நல்ல பெண்.

"உங்களுக்கு அட்டையும் பின் நம்பரும் போதும்க்கா. நான் வாங்கித் தரேன். ஆனா காரணம் எழுதணும்."

பிரபா காபி அறைக் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"யாராண்டயும் சொல்லிடாத கண்ணு."

"சத்தியமா சொல்லமாட்டேன்க்கா."

மருத்துவச் சான்று போயிற்று, அட்டை வந்தது. முதல் நாள் கதவு திறந்தபோது பிரபாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அடுத்த மாதம் கீர்த்தனா தன் குழுவின் வேலையைப் பற்றி மொத்த அலுவலகத்தின் முன்னும் பேசினாள். பெயர் சொல்லவில்லை. தொழுநோயிலிருந்து குணமான நம் ஊழியர் ஒருவர், கைரேகை பதியாதவர், கண் சிமிட்ட முடியாதவர், இன்று யார் தயவுமில்லாமல் உள்ளே வருகிறார் என்றாள். கைதட்டினார்கள். முகம் காட்டாமல் அட்டையோடு வருபவள் அந்த மாடியில் பிரபா ஒருத்திதான்.

மறுநாள் அவள் போட்ட காபி அப்படியே ஆறிக் கிடந்தது. எல்லாரும் கீழே கடைக்குப் போனார்கள். வாரக் கடைசியில் ஜெகதீசன் அவளை அடித்தளத்தில் குப்பை பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்.

"மருந்து சாப்ட்டு முடிச்சு எத்தினி வருசம் ஆவுது சார். யாருக்கும் ஒட்டாது."

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

கீர்த்தனா கீழே இறங்கி வந்தாள். அழுதிருந்தாள். "உங்க பேரைச் சொல்லலைக்கா. மத்தவங்களுக்கும் இது கிடைக்கணும்னுதான்..."

"என்னிய ஒரு வார்த்தை கேட்டியா?"

பிரபா அடுத்த குப்பைப் பையை அவிழ்த்தாள்.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதான் நீ கேக்கல."

பொங்கலுக்கு முன்பே பிரபா வேலையை விட்டாள். இப்போது மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் துணி மடிக்கிறாள். வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டார்கள். கீர்த்தனா அவ்வப்போது போன் செய்கிறாள். "பாவம், ஒரு தபா பேசிடேன்" என்கிறான் குமார். பிரபா எடுப்பதில்லை.